பால் வெள்ளைக்கு மூன்று ரோச்

“மஞ்சள் அடிக்குது அக்கா,” என்றார் குகதாசன்.

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தன் புடவைக் கடை வாசலில், பஸ் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே, ஒரு வெள்ளை ஜோர்ஜெற் சேலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் சேலையைத்தான் பார்த்தார்கள். சேலை வாங்க வந்த மெற்றில்டாவும் பார்த்தார்.

“எனக்கு வெள்ளையாத்தானே அண்ணை தெரியுது?”

“உங்களுக்கு அப்பிடித்தான் தெரியும் அக்கா. சாதாரண ஆக்களின்ரை கண்ணுக்கு எல்லாம் வெள்ளைதான்.”

மெற்றில்டாவைவிடக் குகதாசனுக்கு ஆறு வயது கூட. ஆனாலும் கடைப்படி ஏறிய பெண்கள் எல்லாரும் அவருக்கு அக்காதான். அதுபோக, தன் கண்ணைப் பற்றி அவர் பீற்றிக்கொண்டது வெறும் வாய்வீச்சும் இல்லை. பாரிஸில் பன்னிரண்டு வருடம், லண்டனில் பதினெட்டு வருடம் என்று துணியோடேயே வாழ்ந்தவர். ஒரு நூல் துண்டைக் காட்டினால் போதும், நானூறு ரவிக்கைத் துணிக்குள் அதே நிறத்தை உருவி எடுத்துவிடுவார். வெள்ளையில் மட்டும் பதினொரு வெள்ளை இருக்கிறது என்பார். பிளேஸ்டோவிலிருந்தெல்லாம் சனம் பஸ் ஏறி வருவது கடைக்காக இல்லை, ‘குகதாசன்ரை கண்ணு’க்காக.

“அண்ணை, கலியாணத்துக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. சேர்ச்சுக்குப் பால் வெள்ளைதான் கட்டுவன் எண்டு மகள் பிறின்சி ஒற்றைக் காலிலை நிக்கிறாள். இதோடை மூண்டு சீலையை நீங்களே வேண்டாம் எண்டுபோட்டீங்கள். விக்கிறவரே வேண்டாமெண்டு சொல்லுறதை நான் இஞ்சைதான் காணுறன்!”

“கடை லைற் சரியில்லை அக்கா. வெயிலும் சாய்வெயில்.”

“வியாழக்கிழமை மகளையே கூட்டிக்கொண்டு வாறன். அவள் டொக்டர், அரைநாள் லீவு எடுக்கிறதே பெரும்பாடு. அண்டைக்கும் சரிவராட்டி நோர்பரியிலை ஒரு கடை இருக்காம், அங்கை போறம்.”

நோர்பரி என்ற சொல் குகதாசனின் நெஞ்சில் நேரே வந்து குத்தியது. வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுக்க ஏலாமல் ஒரு கல்யாணம் தேம்ஸுக்கு அந்தப் பக்கம் போனால், பிறகு அந்தக் கண்ணுக்கு என்ன மரியாதை?

அடுத்த நிமிடமே தெருவைக் கடந்து நிரூபனின் கடைக்குள் பாய்ந்தார். ஃபோன் உறை, சார்ஜர் என்று என்னென்னவோ விற்கிற கடை அது. ஆனால் நிரூபனின் உயிர் இருப்பது ரோச் லைற்றில்.

“நிறம் பாக்கிறதுக்கு ஒரு வெளிச்சம் வேணும் தம்பி. கெதியா!”

நிரூபனின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு மனிதர் வருவார் என்று எத்தனை வருடமாகக் காத்திருந்தானோ!

“அண்ணை, உங்களுக்குத் தேவை பெரிய லைற் இல்லை. சட்டைப்பையிலை கொண்டு திரியிற ரோச்! எந்த நேரமும் கையோடை இருக்கவேணும்.” கண்ணாடி மேசையில் ஏழு ரோச்சுகளை வரிசையாக வைத்தான். எல்லாம் நடுவிரல் அளவு. “இது சின்ன பற்றறி போடுறது. இது ஃபோனைப் போலை சார்ஜ் பண்ணுறது. கிளிப்பைப் பாருங்கோ, குனிஞ்சாலும் விழாது. இதுக்கு ஒரு பக்கம் தட்டை, மேசையிலை வைச்சால் உருண்டு ஓடாது.”

“எத்தினை லூமன்?” எங்கேயோ கேட்ட சொல்லைக் குகதாசன் எடுத்து வீசினார்.

“ஐயோ, எவ்வளவு வெளிச்சம் எண்டு லூமனைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுறவை! நிறத்தை நிறமாக் காட்டுதோ எண்டு பாக்கவேணும்.”

குகதாசன் ஒவ்வொன்றாக எடுத்து அழுத்தினார். டிக். டிக். ஐம்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று அவர் நினைத்ததேயில்லை. செப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் கொழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

லண்டனில் ஜூன் மாதத்தில் இருட்டைத் தேடிப் பிடிப்பதும் லேசான காரியம் இல்லை. உடுப்புப் போட்டுப் பார்க்கிற சின்ன அறைக்குள் சேலையோடு புகுந்து, திரையை இழுத்து மூடி, அழுத்தினார்.

மஞ்சள்! போதாதென்று வெளிச்சத்தைச் சுற்றி ஒரு வளையம் வேறு.

“ஓ, அது சூட்டு வெளிச்சம் அண்ணை,” என்றான் நிரூபன் செவ்வாய்க்கிழமை. “இந்தாங்கோ, குளிர் வெளிச்சம். பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஆனா வளையம் எண்டு என்னத்தைச் சொல்லுறீங்கள்?”

ரோச் விற்கிறவனுக்கே வளையம் தெரியவில்லையே என்று குகதாசனுக்குப் பரிதாபமாக இருந்தது. இரண்டாவது ரோச்சை வாங்கிக்கொண்டு வந்தார். அதுவும் மஞ்சள் அடித்தது. ஆனால் இந்த முறை அவர் சேலையோடு நிற்கவில்லை. கடையிலிருந்த வெள்ளைத் துணி முழுவதற்கும் அடித்துப் பார்த்தார். வேட்டி மஞ்சள், துவாய் மஞ்சள், அவர் போட்டிருந்த சட்டையே மஞ்சள்.

“தவம், இஞ்சை வாரும்! நீர் உடுப்புத் தோய்க்கிறீரோ, இல்லாட்டி மஞ்சள் தண்ணியிலை அலம்புறீரோ?”

காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்த மனைவி தவநாயகி நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் தோய்த்த கைகள் அவை. அன்று பின்னேரம் தமிழ்க் கடையில் ஒரு போத்தல் நீலம் வாங்கினார். இரண்டு சொட்டு விடவேண்டிய இடத்தில் அரைப் போத்தலைக் கவிழ்த்தார். மனுசனின் வெள்ளைச் சட்டை ஐந்தும் வானத்து நிறத்தில் கொடியில் தொங்கின.

புதன் காலை குகதாசன் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றார்.

“ஆ! இது வெள்ளை! இப்பதான் தவம், இது வெள்ளை!”

நக்கல் அடிக்கிறார் என்று தவநாயகி நினைத்தார். இன்னொரு சண்டைக்குத் தெம்பில்லாமல் தேத்தண்ணியை நீட்டினார்.

அந்த உற்சாகத்தோடு குகதாசன் மீன் வாங்கப் போனார். கையில் ரோச் இருக்கிற மனிதன் சும்மா மீன் வாங்குவானா? செல்வரத்தினத்தின் மீன்கடையில், பாரையின் கண்ணுக்குள் டிக் என்று அடித்தார்.

“கண் மங்கிப்போச்சு. பழைய மீன்.”

“அண்ணை, விடியக்காலமை வந்து இறங்கின மீன்!”

“அப்ப இது? இதுவும் மங்கல். அந்த விளைமீனும் மங்கல். தம்பி, உம்மடை கடையிலை கண் தெளிஞ்ச மீன் ஒண்டுகூட இல்லை!”

வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் மெதுவாகப் பையை மடித்துக்கொண்டு வெளியே நழுவினார்கள்.

“அண்ணை,” என்றார் செல்வரத்தினம், கத்தியைக் கீழே வைத்துவிட்டு. “இனி ரோச்சோடை இந்தப் பக்கம் வந்திடாதேங்கோ.”

குகதாசன் அசரவில்லை. தவநாயகி கடையைப் பார்த்துக்கொண்டிருக்க, நேரே வீட்டுக்குப் போனார். கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த அந்த ஜோர்ஜெற் சேலையை எடுத்தார். மீதி அரைப் போத்தல் நீலத்தையும் எடுத்தார். சட்டையை வெள்ளையாக்கிய நீலம் சேலையை ஆக்காதா? வாளிக்குள் நீலத்தைக் கரைத்துச் சேலையை முக்கி எடுத்தார். காயவைத்து, இஸ்திரி போட்டு, விரித்துப் பார்த்தார். பால் வெள்ளை! துள்ளிக் குதிக்காத குறைதான்.

வியாழக்கிழமை காலை, காட்சியைக் குறையில்லாமல் நடத்துவதற்காக மூன்றாவது ரோச்சையும் வாங்கினார். நிரூபன் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ரோச் அது. கறுப்பு, வழுக்காத பிடி, ஐந்து அளவு வெளிச்சம்.

பத்தரைக்கு மெற்றில்டா மகளோடு வந்தார். பிறின்சி கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்க, கடிகாரத்தைப் பார்த்தபடியே உள்ளே நுழைந்தாள்.

“அங்கிள், ஒரு மணிக்கு ஷிப்ட். கெதியாக் காட்டுங்கோ.”

“பிள்ளை, ஒரே ஒரு சீலைதான். அதுக்குப் பிறகு நீங்கள் வேறை பாக்கமாட்டீங்கள்!”

மேசையில் சேலையை வீசி விரித்தார். ரோச்சை எடுத்து அழுத்தினார். டிக்!

மெற்றில்டா மகளைப் பார்த்தார். மகள் தவநாயகியைப் பார்த்தாள். தவநாயகி வாயில் கையை வைத்துக்கொண்டார்.

“அங்கிள்,” என்றாள் பிறின்சி மெதுவாக, “இது நீலம்.”

“நீலமோ!” குகதாசன் சிரித்தார். “வெளிச்சத்திலை பாருங்கோ, பால் மாதிரி!”

“இஞ்சேருங்கோ, என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்!” தவநாயகி மேசைக்குக் கீழே குனிந்து, அவர் முதலில் வேண்டாம் என்று தள்ளிய சேலைகளில் ஒன்றை இழுத்து மேலே போட்டார்.

“அம்மா, இது! இதுதான்!” பிறின்சி துள்ளினாள். “எவ்வளவு வெள்ளை! ஏன் அங்கிள் இதை ஒளிச்சு வைச்சீங்கள்?”

“பிள்ளை, அது மஞ்சள். அதைக் கட்டிக்கொண்டு நீங்கள் சேர்ச்சுக்குப் போனால் என்ரை பேர் என்ன ஆகும்? இது நான் விக்கமாட்டன்!” குகதாசன் சேலையைத் தன் பக்கம் இழுத்தார். “இந்தா, ரோச் அடிக்கிறன், பாருங்கோ. மஞ்சள். சுத்திவர வளையம். மூண்டு ரோச்சிலையும் இதே வளையம்.”

மூன்று பெண்களும் குனிந்து பார்த்தார்கள். வட்டமான வெளிச்சம் இருந்தது. வளையத்தைக் காணவில்லை.

தவநாயகிக்கு அழுகையே வந்துவிட்டது. “பிள்ளை, இந்த ரோச் வந்த நாள் துவக்கம் இவருக்கு விசர் பிடிச்சமாதிரித்தான். நேற்று மீன்கடைக்குப் போய், மீன்ரை கண்ணுக்கை ரோச் அடிச்சு, எல்லாம் கண் மங்கின மீன் எண்டு சண்டை. செல்வரத்தினம் இனி வராதேங்கோ எண்டிட்டார். நான் எந்த முகத்தோடை மீன் வாங்கப் போறது?”

பிறின்சி கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினாள். குகதாசனின் நீலச் சட்டையைப் பார்த்தாள். நீலச் சேலையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி ரோச்சை வாங்கி, வெளிச்சத்தை ஆகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தாள்.

“நல்ல ரோச் அங்கிள். ஒருக்கா என்னைப் பாருங்கோ. இப்ப மற்றப் பக்கம்.”

“பாத்தீங்களோ, வளையம் தெரியுதல்லோ?” என்றார் குகதாசன் ஆவலோடு.

பிறின்சி ரோச்சை அணைத்து, அவருடைய சட்டைப்பையில் பத்திரமாகக் கொழுவிவிட்டு, தவநாயகியிடம் திரும்பினாள்.

“ஆன்ரி, முதல்லை அந்த மீன்காரரிட்டைப் போய் மன்னிப்புக் கேளுங்கோ. கண்புரை விழுந்து மங்கினது மீன்ரை கண் இல்லை, அங்கிளின்ரை ரண்டு கண்ணும்தான்.”