ரவுஷானுக்குக் கீழே மூன்று பேர்

"இருபத்து நாலு வயசுல உனக்கு மிட்டாய்ப் பை கேக்குதாடா?"

மேலாளர் கெனெஸ் போட்ட சத்தத்தில் சன்ஜார் துள்ளி எழுந்தான். கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தான்.

தராஸ் நகரத்துப் பால் கம்பெனியில் ஒவ்வொரு ஊழியரின் பெயருக்குக் கீழேயும் அவரவர் பிள்ளைகளைக் கோத்து வைப்பதுதான் ஒரு வாரமாக அவன் வேலை. புத்தாண்டுக்குக் கம்பெனி பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மிட்டாய்ப் பை அந்த வரிசைப்படிதான் போகும். ஊழியர் பிரிவில் இருக்கும் அவன் அண்ணி ரவுஷானுக்குக் கீழே அய்ஜான், தாமிர் என்று இரண்டு வாண்டுகள். அதுகளுக்கு மேலே, மூத்த பிள்ளையாக, சாட்சாத் சன்ஜார்!

"ஐயையோ, சத்தியமா நான் போடலண்ணே!"

"பின்னே, நானா வந்து போட்டேன்? உனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல தம்பி, ஞாபகம் இருக்கட்டும்."

சன்ஜார் தன் பெயரை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால், பழையபடி அண்ணிக்குக் கீழே ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

அண்ணியின் பெயருக்குக் கீழே யாரும் வரக் கூடாது என்று பூட்டுப் போட்டான். யாரும் வரவில்லைதான். ஆனால் இருந்த இரண்டு வாண்டுகளும் மாயமாகிவிட்டன. பாவம், அதுகள் வாய்க்கு மண்.

பதறிப்போய் எதையோ திருப்பிப் போட்டான். அந்தப் பாழாய்ப்போன மென்பொருள் அண்ணியைத் தூக்கி அவனுக்குக் கீழே சொருகிவிட்டது. அச்சு இயந்திரம் உடனே மிட்டாய்ப் பையில் ஒட்டும் ஓர் அட்டையைத் துப்பியது: ‘சன்ஜாரின் மகள் ரவுஷான், வயது நாற்பத்து மூன்று.’

ஆபீஸே குலுங்கிச் சிரித்தது. கணக்குப் பார்க்கிற பாக்கித் ஓடிப்போய் ரவுஷானின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"செல்லம், அப்பா மிட்டாய் வாங்கித் தரலியா?"

ரவுஷான் மட்டும் சிரிக்கவில்லை.

கெனெஸ் அட்டையைக் கிழித்துப் போட்டார். "சாயங்காலம் முதலாளி வர்றாரு. அதுக்குள்ள இது ஒழுங்காகலேன்னா நாளைலேர்ந்து நீ ஆடு மேய்க்கப் போ!"

சன்ஜார் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்து முடித்தான். எடுத்த பெயரை மறுபடி சேர்த்தது யார் என்று மென்பொருளின் பதிவில் பார்க்கும் யோசனையே அவனுக்கு அப்புறம்தான் வந்தது. ரவுஷான்! அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் இன்னொரு தடவையும் சேர்த்தாள்.

அவனுக்கு வந்ததே கோபம்! கொழுந்தனை அண்ணி சீண்டுவது அங்கே வழக்கம்தான். போன வாரம்கூட அவன் பூட்ஸுக்குள் பனியை அள்ளிப் போட்டாள், அவனும் சிரித்துக்கொண்டுதான் காலை உதறினான். அதற்காகச் சோற்றில் கை வைப்பதா? விறுவிறுவென்று அவள் அறைக்குள் நுழைந்தான்.

"கேலிக்கும் ஒரு அளவு இல்லையா அண்ணி? என் வேலையே போகப் போவுது! உங்க பிள்ளைங்களோட என்னை எதுக்குச் சேக்கறீங்க?"

ரவுஷான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீ அம்மான்னு கூப்பிடறியே, அவங்க உனக்குப் பாட்டிடா, மூத்த பேரன் நம்ம வழக்கப்படி தாத்தா பாட்டிக்குத்தான்னு பொறந்த அன்னிக்கே உன்னை என் கையிலேர்ந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க, உன்னைப் பெத்தவ நான்."