திங்கட்கிழமை பிரேயரில் ஞானதுரை பெற்ற பெருவெற்றி

வாழ்க ஞானதுரை! மேற்கு மலைத்தொடரை மதிலாகவும் முல்லைப்பெரியாற்றுக் கால்வாயை அகழியாகவும் உடைய கம்பம் பள்ளத்தாக்கில், லோயர் கேம்ப் சாலையோரம் கொலுவீற்றிருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் சரித்திர வாத்தியாரே, சுண்ணக்கட்டி ஏந்திய சூரரே, ஆடிக்காற்றிலும் கலையாத தலைவாரல் கொண்ட தகையோரே, உம் வீரம் பாடப் புகுந்தோம். நாமகள் எம் நாவில் அமரட்டும். மைக் செட்டுக்குக் கரண்ட் இருக்கட்டும்.

திங்கட்கிழமைதோறும் காலைக் கூட்டத்தில் மாணவர் உள்ளங்களில் ஒழுக்கத்தை விதைக்கும் பெரும்பணி இவருடையது. விதைத்தார், முளைத்தபாடில்லை. வாய்மையைப் பற்றி முழங்கியபோது குறிப்புத்தாளைக் காற்று கொண்டுபோய்த் தென்னந்தோப்பில் போட்டது. பொறுமையைப் பற்றி முழங்கியபோது மைக் வீறிட்டது. இவற்றையெல்லாம் தாங்கிய அந்த இரும்பு நெஞ்சம் தாங்க மாட்டாத பகை ஒன்று உண்டு. அவர் பேச்சு உச்சத்தை எட்டும் வேளை பார்த்துத் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஒன்று பள்ளிச் சுவரை ஒட்டி வரும். அதில் நிற்கும் பெண்கள் கையசைப்பார்கள். அவர்கள் அத்தனை பேரும் பிள்ளைகளின் தாய்மார்கள் என்பதால், மைதானம் முழுக்க முதுகு காட்டித் திரும்பிப் பதிலுக்குக் கையசைக்கும். ஞானதுரை பின்னந்தலைகளுக்கு நீதி சொல்லிக்கொண்டிருப்பார்.

பொறுத்துப் பார்த்த தலைமையாசிரியை ஹேமாவதி, வெள்ளியன்று ஆணை பிறப்பித்தார்: "சார், வர்ற வாரமும் பிள்ளைக திரும்புச்சுன்னா, திங்கக்கெழமைய வைகுண்டராஜ் சாருக்குக் குடுத்துருவேன். அவரு டிரில் எடுக்கட்டும்."

அந்தோ! அசோகனையும் அக்பரையும் கரைத்துக் குடித்தவர், விசில் ஊதும் உடற்பயிற்சி ஆசிரியரிடம் தோற்பதா? ஞாயிறு முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எந்தக் கல்நெஞ்சையும் கட்டிப்போடும் தலைப்பு ஒன்றைத் தேடித் தேடி, கடைசியில் கண்டடைந்தார். தாயைப் போற்றுதல்.

விடிந்தது போர்நாள். மைக்கைச் சணல் கயிற்றால் கொடிக்கம்பத்தோடு கட்டி, குறிப்புத்தாளைப் பரீட்சை அட்டையில் கவ்வவைத்து, மேடையேறினார் மாவீரர். வலப்புறம் ஹேமாவதி. இடப்புறம் கழுத்தில் விசிலோடு வைகுண்டராஜ், பந்திக்குக் காத்திருப்பவர் போல.

"மாணவச் செல்வங்களே! வெயிலில் காய்ந்து உங்களுக்குச் சோறு போடுபவள் தாய்! அவளை எங்கே கண்டாலும், எந்த நிலையில் கண்டாலும், முகம் மலர்ந்து வணங்க வேண்டும்!" என்று அவர் இடிமுழக்கம் செய்த அக்கணத்தில், கால்வாய்ப் பாலத்து வளைவில் எதிரியின் சங்கநாதம் கேட்டது. வேனின் ஹார்ன்தான்.

வரிசைகள் சலசலத்தன. முதல் வரிசையில் நின்ற ஏழாம் வகுப்பு விஜி திரும்பி, கையையும் பாதி தூக்கிவிட்டாள்.

"ஏய், முன்னால பாரு!"

"சார், எங்கம்மா வாராக."

"யாரு வந்தா என்ன? தாய மதிக்கிறதப் பத்தி இங்கன தொண்டை கிழியப் பேசிக்கிட்டிருக்கேன், அங்கன என்ன பார்வை? யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. நானே சொன்னாலும் திரும்பக் கூடாது! அதுக்குப் பேருதான் மனவுறுதி!"

மலையில் மோதித் திரும்பியது அந்தப் பிரகடனம். என்ன விந்தை! அத்தனை தலைகளும் முன்னோக்கின. வேன் வந்தது, பெண்கள் கையசைத்தார்கள், ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. ஹேமாவதி பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பூரித்தார். வைகுண்டராஜ் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஞானதுரை ஒருவரே. வேனில் உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கியதை அவர் பார்த்தார்.

வேன் நின்றது. தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் இறங்கி ஓடிவந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாள். விஜியின் தாய் ராஜாத்தி.

"சார், எம்மக விஜிக்கு மேலுக்குச் சொகமில்லையா? எப்பவும் கையக் காட்டுவா. இன்னிக்கு எந்தப் பிள்ளையும் திரும்பலையே. என்னமோ ஏதோன்னு எறங்கி வந்தேன்."

வாளால் வெட்டுண்டாலும் கலங்காத வீரர், இந்தக் கேள்வியில் கலங்கினார். வெட்கமாக இருந்தது. வைகுண்டராஜ் திங்கட்கிழமையை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று மைக்கை இறுகப் பற்றினார்.

"பிள்ளைகளா, திரும்புங்க. அம்மாவுக்குக் கையக் காட்டுங்க."

ஒருவரும் அசையவில்லை. சார் சோதிக்கிறார் என்று கடைசி வரிசைப் பொடியன் வரை கண்டுகொண்டான்.

"விஜி, உன்னத்தாம்மா. நெசமாத்தான் சொல்றேன். திரும்பு."

விஜி இரண்டு கைகளையும் விலாவோடு இறுக ஒட்டிக்கொண்டாள். கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. ஆனாலும் அவள் ஞானதுரையின் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"பிரமாதம் சார்!" என்று கைதட்டினார் ஹேமாவதி. "நீங்களே சொல்லியும் ஒண்ணுகூடத் திரும்பலையே! இனிமே எல்லாத் திங்கக்கெழமையும் உங்களுக்குத்தான்."

மலைகள் அதிரக் கரவொலி எழ, கொடி படபடக்க, தோல்வியுற்ற விசில் பையில் துயில, பகை முடித்த பெருமகன், ஒழுக்கம் விதைத்து ஒரே நாளில் அறுவடை கண்ட உழவர் திலகம், ஞானதுரை, வாகை சூடி மேடையில் நின்றார்.

டிரைவர் ஹார்ன் அடிக்கவும், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ராஜாத்தி வேனில் ஏறிப் போய்விட்டாள்.