பல்லி சொல்லாத பலன்

ஒரு காட்டில், மூங்கில் புதருக்கு அடியில் ஒரு வளை. அதில் செங்கமலம் என்ற பெருச்சாளி தன் மகள் வடிவோடு குடியிருந்தாள். புருஷன் பொறியில் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை ஒன்றுதான் அவளைப் பகலிலும் அரித்துக்கொண்டிருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் நெல் கிடங்கிலேயே வாழும் ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாகத் தரகர் காகம் சேதி கொண்டு வந்தது. கூடவே ஒரு எச்சரிக்கையும் கொண்டு வந்தது.

“மாப்பிள்ளையோட அம்மா தையல்நாயகிக்குப் பல்லிதான் தெய்வம். பேச்சு நடுவுல பல்லி சொன்னா அதுதான் முடிவு. போன வீட்டுல வேண்டாத மூலையில பல்லி சொல்லிடுச்சு. கையில எடுத்த காபியக் கீழ வெச்சுட்டு எழுந்து போயிட்டாங்க.”

செங்கமலம் உடனே சுவரில் இருந்த பல்லியைக் கூப்பிட்டாள்.

“இந்தா பாரு, அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“சொல்றதுதானக்கா என் பொழைப்பே?”

“ட்யூப்லைட்டுக்கு வர்ற பூச்சியெல்லாம் உனக்கு.”

பல்லி வாயை மூடிக்கொண்டது. காலம் காலமாக ஊருக்கே பலன் சொன்ன வாய், கொஞ்சம் பூச்சிக்கு அடைபட்டுவிட்டது.

அதோடு விட்டிருந்தால் செங்கமலம் பிழைத்திருப்பாள். ஆனால் அவளிடம் ஒரு வயர்லெஸ் ஸ்பீக்கர் இருந்தது. புதிதாக வாங்கியது. வாங்கிய பொருளை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. “எங்க வீட்டுல ஒரு பெட்டி வயரே இல்லாம பாட்டுப் பாடும்னு அந்தம்மாகிட்ட சொல்லு” என்று காகத்திடம் சொல்லி அனுப்பினாள். “நாங்க வரும்போது அந்தப் பெட்டியில நலங்குப் பாட்டு ஓடணும்” என்று பதில் வந்தது.

ஒத்திகை பார்க்கப் பாட்டைப் போட்டாள். பெட்டி ஒரு வரி பாடியது. பிறகு ‘டக்’ என்றது. கொஞ்சம் கரகரத்தது. மறுபடியும் ‘டக் டக்’ என்றது. அசல் பல்லிக் குரல்.

“அக்கா, சத்தியமா நான் இல்ல!” என்று சுவரிலிருந்து பல்லி அலறியது.

வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சிரிக்காதடி! இது அந்தம்மா காதுல விழுந்தா உன் கல்யாணம் போச்சு.”

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள். அங்கே ஒரு கிளி எடுத்தது.

“வணக்கம். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. ஸ்பீக்கரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.”

“செஞ்சாச்சும்மா. இன்னும் டக்கு டக்குங்குது.”

“ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.”

“அதான் செஞ்சேன்ங்கிறேனே!”

“வைஃபை பெட்டியிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள்.”

“எங்க வளையே மூணடிதான் தாயி.”

“மிக்க நன்றி. அப்படியானால் ஸ்பீக்கரை வெளியே வைத்துவிட்டு நீங்கள் உள்ளேயிருந்து கேளுங்கள்.”

பிறகு, போனிலிருந்து ஸ்பீக்கரை நீக்கிவிட்டு மறுபடியும் இணைக்கச் சொன்னது கிளி. செங்கமலம் நீக்கினாள். இணைக்கப் போவதற்குள் அது பக்கத்து வளை முயலின் போனோடு ஒட்டிக்கொண்டது. முயல் தன் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தது முழுவதும் பெட்டியில் வந்தது. ஒரு டக் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. வாங்கிய நாள் முதல் அது இவ்வளவு தெளிவாகப் பேசியதே கிடையாது. ஒருவழியாக அதைப் பிடுங்கித் தன் போனோடு சேர்த்து, கிளி சொன்னபடி அப்டேட்டும் செய்தாள். அப்டேட்டுக்குப் பிறகு டக் டக் இன்னும் துல்லியமாகக் கேட்டது.

கடைசியில் கம்பெனி ஒரு நிபுணரை அனுப்பியது. தலையில் சிவப்புத் தொப்பியோடு ஒரு மரங்கொத்தி வந்து இறங்கியது. வந்ததும் பெட்டியை டொக் டொக் என்று கொத்த ஆரம்பித்தது.

“சத்தம் எங்கம்மா கேக்குது?”

“நீங்க கொத்துறத நிறுத்துனா கேக்கும்ங்க.”

“நிறுத்திட்டா எப்படிம்மா செக் பண்றது?”

டொக் டொக் டொக். காதைச் சாய்த்தது. தன் சத்தத்தைத் தவிர வேறொன்றும் அதற்குக் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கி எதிர் மூலையில் வைத்தது.

“ஒரு கோளாறும் இல்ல. கம்ப்ளைண்ட் க்ளோஸ். அஞ்சு ஸ்டார் போட்டுடுங்கம்மா” என்று பறந்து போனது.

அது போன சுவடு மறைவதற்குள் தையல்நாயகி வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் மகன் சிங்காரவேலு, பலகாரத் தட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் வந்து உட்கார்ந்தான். பாட்டு ஓடியது.

“ஒளிக்காம சொல்லிடறேன் சம்பந்தி. எங்க பையனுக்கு வேலைக்குப் போற பழக்கம் கிடையாது” என்றாள் தையல்நாயகி.

டக்.

தையல்நாயகி நகத்தால் தரையைத் தட்டினாள். “நல்ல மூலையில சொல்லுது. பல்லியே ஒத்துக்கிச்சு.”

எழுந்து போகவில்லையே என்று செங்கமலத்துக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு அடுத்த பேச்சில் நின்றது.

“கிடங்குல தண்ணி பூந்து நெல்லெல்லாம் முளைச்சுப் போச்சு. கல்யாணம் முடிஞ்சதும் நாங்க குடும்பத்தோட இங்கயே வந்துடலாம்னு இருக்கோம்.”

டக் டக். கர்ர்ர். டக்.

“அடேயப்பா, இப்படி வரிசையாச் சொன்னா ராஜயோகம்!”

“ஐயோ, அது பல்லி இல்லீங்க! ஸ்பீக்கர் கோளாறு!” என்று கத்திவிட்டாள் செங்கமலம்.

பல்லிக்கும் பொறுக்கவில்லை. “ஆமாங்க. நான் வாயே தொறக்கல.”

தையல்நாயகி சுவரை நிமிர்ந்து பார்த்தாள். “நீ சும்மா இரு. பல்லி சொல்லும்போது குறுக்கப் பேசாத.”

“கம்பெனிக்குப் போன் போடும்மா, அவங்களே சொல்லட்டும்” என்றாள் வடிவு. செங்கமலம் உடனே போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“வணக்கம். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. உங்கள் ஸ்பீக்கரை எங்கள் நிபுணர் பரிசோதித்துவிட்டார். அதில் எந்தக் கோளாறும் இல்லை. எந்தச் சத்தமும் வரவில்லை” என்றது கிளி.

தையல்நாயகி பெட்டி இருந்த மூலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “கேட்டீங்களா? பெட்டியிலேருந்து சத்தமே வரலையாம். அப்ப சொன்னது யாரு?”

“பல்லி வாக்கத் தட்டுன வீட்டுக்கு நான் வேற வரன் கொண்டு வர முடியாதும்மா” என்று செங்கமலத்தின் காதோரம் கரைந்தது காகம்.

“முறைன்னு ஒண்ணு இருக்கு. பொண்ணுக்குச் சம்மதமான்னு கேட்டுடுவோம்” என்றாள் தையல்நாயகி.

வடிவு சிங்காரவேலுவைப் பார்த்தாள். அவன் கடைசி அதிரசத்தை வாயில் திணித்துக்கொண்டிருந்தான்.

அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பெட்டியின் வாயை அடைத்துவிட வேண்டும் என்று செங்கமலம் பாய்ந்தாள். வயரைப் பிடுங்கப் போனாள். வயர் எங்கே இருக்கிறது? அது இல்லை என்றுதானே காடு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். தடவித் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து, பலம்கொண்ட மட்டும் அமுக்கினாள்.

பெட்டி அணைந்தது. அணையும்போது, அதுவரை இல்லாத அளவுக்குப் பெரிதாக ஒரு ‘டக்’ சொல்லிவிட்டு அணைந்தது.

தையல்நாயகி தரையைத் தட்டினாள்.

“நான் இன்னும் பேசவே இல்லையே!” என்றாள் வடிவு.

“நீ எதுக்கும்மா பேசணும்? அதான் சொல்லியாச்சே. தட்ட மாத்துங்க.”

நீதி: கோளாறு இல்லை என்று விற்றவர் சொல்லிவிட்டால், வாங்கியவர் வீட்டில் கேட்பது சகுனம்.