காபி கொண்டுவரும் பாத்திரம்

'இனிமேல் என் கதையில் ஒருத்தி சும்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகமாட்டாள்!' என்று நடு ஹாலில் நின்று சபதம் போட்டேன்.

காரணம், என் துப்பறியும் தொடரைப் படித்த பத்திரிகை ஆசிரியரின் போன்.

"துப்பறிவாளர் ஓகே சார். அவர் சம்சாரம்தான் அட்டையில வெட்டின மாதிரி இருக்காங்க. வர்றாங்க, காபி வெக்கிறாங்க, போறாங்க. அந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா? துணைப் பாத்திரத்துக்கும் உயிர் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தி அனுப்புங்க. இல்லேன்னா தொடர் கிடையாது."

ஆயுசிலேயே முதல் தொடர்! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன். எழுந்தேன். லேப்டாப்பைத் திறந்தேன், மூடினேன். ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தே தரை தேய்ந்தது.

அப்போதுதான் உதித்தது அந்த மகா யோசனை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? வீட்டிலேயே அசல் மனைவி ஒருத்தி இருக்கிறாளே! அவளுக்குத் தெரியாமல் கவனித்து அப்படியே எழுதிவிட வேண்டியதுதான். தெரிந்தால் திருத்தம் சொல்வாள். அவள் சொல்கிற திருத்தத்துக்கு இந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

சமையலறைக் கதவோரம் ஒதுங்கினேன்.

"என்ன, பூனை மாதிரி?" திரும்பாமலே கேட்டாள்.

"சும்மாதான் நிக்கறேன்."

"சும்மா படுக்கிற ஆளாச்சே நீங்க?"

"இல்ல... பாத்திரம் தேய்க்கும்போது உனக்கு மனசுல என்ன ஓடும்?"

"கதைக்கா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. "சேச்சே! யார் சொன்னது?"

"நடு ஹால்ல சபதம் போட்டா பக்கத்து வீட்டுக்கே கேக்கும். இதோ பாருங்க, கதைக்குன்னா பாத்தா மட்டும் போதாது. செஞ்சு பாக்கணும். கை எரியறது கண்ணுக்குத் தெரியுமா?"

நியாயமாகத்தான் பட்டது. தேய்த்தேன். வாணலியின் அடிப்பிடிப்போடு மல்லுக்கட்டும்போது மனசில் ஓடியது எதையும் அச்சில் போட முடியாது.

"அடுத்து துணி. பிழிஞ்சாத்தான் சோகம் வரும்."

"நீ எங்க போற?"

"உங்க மேஜைக்கு. நீங்க உணர்ச்சியில இருங்க. மறந்து போயிடாம நான் டைப் அடிச்சு வெக்கிறேன்."

சம்பளமில்லாத உதவியாளர்! உள்ளுக்குள் துள்ளினேன். பால்கனியிலிருந்து கத்தினேன்.

"கால் கடுக்குதுன்னு எழுது!"

"எழுதியாச்சு!"

"இடுப்பு!"

"அதுவும்!"

ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நான் காயப்போட்ட சட்டையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திச் சிரித்தவள், என்ன தோன்றியதோ, மேஜைக்கு ஓடினாள். விசைகள் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை வரை இதே கதைதான். பெருக்கினேன், துடைத்தேன், மடித்தேன். நடுநடுவே, "நான் படிச்சுப் பாக்கணுமே?" என்றால், "முதல்ல ஒட்டடை" என்பாள். கடைசியில் சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

"அனுப்பிட்டேன். நீங்க வேலையா இருந்தீங்க."

படிக்காமலே போய்விட்டதே! ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"நடக்கறதுதான் நடக்கறீங்க, அப்படியே ஒரு காபி."

காபியோடு திரும்பியபோது போன் அலறியது. அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரமாதம்!" என்றார் ஆசிரியர். "துணிய பிழியத் தெரியாம சொட்டச் சொட்ட காயப்போட்டவன்தான் கொலைகாரன்னு அந்தம்மா கண்டுபிடிக்கிறாங்க பாருங்க, யாருக்கு வரும் இந்த மூளை! தொடர் உறுதி!"

என் நெஞ்சு விம்மியது.

"ஒரே ஒரு குறை. இப்ப அந்தப் புருஷன்தான் அட்டை. வர்றார், காபி வெக்கிறார், போறார்."

என் மனைவி என்னை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவருக்கு வேற வேலையே இல்லீங்க சார். அப்படியே இருக்கட்டும்."

நான் காபியை மேஜையில் வைத்துவிட்டுப் போனேன்.