தினமும் மழுங்கும் கத்தி

கத்தி தக்காளித் தோலின் மேல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை அழுத்தியதில் தக்காளி வெட்டுப்படாமல் நசுங்கி, சாறும் விதையுமாகக் கனகசபாபதியின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

"நேத்துதான தீட்டுனீக?" என்றாள் சுப்புலட்சுமி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒன்றரை மணி நேரம் தீட்டுனேன்."

"அப்ப இன்னைக்கும் ஒருக்கா தீட்டிருங்க."

அவர் கத்தியைத் துடைத்து, கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். மர ஸ்கேலின் விளிம்பு மாதிரி இருந்தது. தொடர்ந்து மூன்றாவது நாளாக இப்படி.

வேறு யாருக்காவது நடந்திருந்தால் விட்டுவிடலாம். கனகசபாபதி சிவகாசியில் முப்பத்தெட்டு வருஷம் காலண்டர் அச்சகம் நடத்தியவர். கட்டிங் மிஷினில் தாள்கட்டின் மேல் பிளேடு இறங்குகிற சத்தத்தை வைத்தே, அது எந்தக் கிழமை சாணைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிடுவார். மற்ற கம்பெனிக்காரர்கள் போனில் கூப்பிட்டு, மிஷின் பக்கத்தில் போனை நீட்டி, "அண்ணாச்சி, சத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டதுண்டு.

தை பிறந்ததும் கம்பெனியை மகன் மகேஷ்குமாரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் அடுப்படி. ஒரு மாதம் நாற்காலி போட்டுச் சமையலைக் கவனித்தார். அப்போதுதான் வீட்டுக் கத்தி கண்ணில் பட்டது. பிளாஸ்டிக் பிடி, ரம்பப் பல். வெங்காயத்தை அது வெட்டவில்லை, கிழித்தது.

"இத வச்சா இத்தனை வருஷம் சமைச்ச?"

"நீங்க சாப்பிட்டீகல்ல?"

அடுத்த வாரமே மதுரைக்குப் போனார். கடையில் அரை நாள் இருந்தார். ஒவ்வொரு கத்தியையும் விரல்மேல் நிறுத்தி எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து நேர் பார்த்தார். இரும்பு பிடிக்குள் கடைசிவரை போகிறதா, பாதியில் நிற்கிறதா என்று கேட்டார். கடைசியில் எட்டங்குலக் கத்தி ஒன்றையும், தீட்டுவதற்குச் சொரசொரப்பாக ஒரு கல், நைசாக ஒரு கல் என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தார்.

அன்று சாயங்காலம் மாடி அறையில் கல்லைத் தண்ணீரில் ஊறவைத்தார். கத்தியின் முதுகை இரண்டு நாணயம் செருகுகிற அளவுக்குத் தூக்கிப் பிடித்து, ஒரே கோணத்தில், அவசரப்படாமல் தீட்டினார். பழைய காலண்டர் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு இழுத்தார். தாள் சத்தமில்லாமல் இரண்டாகி விழுந்தது. கீழே சுப்புலட்சுமி, வேலைக்கு வரும் மூக்கம்மாளிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் தொடங்கியது இந்தத் தொல்லை.

முதலில் பழி பலகைமேல் விழுந்தது. மருமகள் ஸ்ரீமதி வாங்கித் தந்த கண்ணாடிப் பலகை அது.

"கண்ணாடி மேல வெட்டுனா எந்தக் கத்தி நிக்கும்?" என்று அதைப் பரணில் ஏற்றிவிட்டு, மரக்கடையில் சொல்லிப் புளியமரத்தில் ஒரு கட்டை அறுத்து வாங்கினார். இரண்டு பேர் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். மிக்சிக்கு இடமில்லாமல் போனது. அன்றிலிருந்து சட்னி கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில் அரைபட்டது.

கத்தி மறுநாளும் மழுங்கியிருந்தது.

அடுத்து அவர் விதிமுறைகள் எழுதினார். தேங்காய் உடைக்கக் கூடாது. எலும்பு ஆகாது. கம்பி நாரால் தேய்க்கக் கூடாது. சிங்க்கில் போட்டுவைக்கக் கூடாது. வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து மர உறையில் வைக்க வேண்டும். அடுப்படியில் ஒட்டுவதற்கு ஒரு தாள் அச்சடித்துத் தரும்படி கம்பெனிக்கு அனுப்பினார். சாயங்காலம் மகேஷ்குமார் கூப்பிட்டான்.

"அப்பா, ஒண்ணு போதும்னு சொன்னீகளாம். பையங்க வழக்கம்போல ஆயிரம் ஓட்டிட்டாங்க. நாலு கலரு."

ஆயிரம் தாளை வீட்டில் வைக்க இடமில்லை. தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். கீழே 'தொடர்புக்கு' என்று போட்டு அவருடைய நம்பரும் இருந்தது. கம்பெனியில் எது அச்சடித்தாலும் அதைப் போட்டுவிடுவது பழக்கம். இரண்டே நாளில் வாசலில் கத்திகள் வர ஆரம்பித்தன. எதிர்வீட்டு அழகுமீனா மூன்று கத்தியையும் ஒரு கத்திரிக்கோலையும் கொண்டுவந்தாள். கனகசபாபதி முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் தீட்டிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அழகுமீனா வாசலில் நின்று சொன்னாள். "அண்ணாச்சி, ஒங்க கையில என்ன இருக்கோ. இன்னமும் தக்காளி பூ மாதிரி வெட்டுது."

அது அவருக்கு நெஞ்சில் குத்தியது. ஊரார் கத்தியெல்லாம் பத்து நாள் நிற்கிறது. சொந்தக் கத்தி ஒரு பொழுது நிற்கவில்லை.

"அப்ப இரும்புதான் சரியில்ல" என்று மறுபடி மதுரைக்கு பஸ் ஏறினார். கடைக்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவரிடம் வாக்குவாதம் எதற்கு என்று, வேறு கம்பெனிக் கத்தி ஒன்றை மாற்றிக் கொடுத்தார். அதுவும் இரண்டாம் நாள் காலையில் தக்காளியை நசுக்கியது.

இத்தனை குழப்பத்திலும் சாப்பாடு மட்டும் பன்னிரண்டரைக்குத் தவறாமல் தட்டில் விழுந்தது. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

"இனி நானே கூட இருந்து பாக்கேன்" என்றார். மறுநாள் விடிந்ததும், தீட்டிய கத்தியை மாடியிலிருந்து தன் கையாலேயே கொண்டுவந்து, நாற்காலியைப் போட்டு அடுப்படியில் உட்கார்ந்தார்.

"குத்தாத. முன்னால தள்ளி எறக்கு."

"ம்."

"கத்திரிக்கா ஒண்ணு பெருசா, ஒண்ணு சிறுசா விழுது பாரு. எப்படி ஒண்ணா வேகும்?"

"ம்."

"வெட்டுனத கத்தி வாயால வழிக்காத. முதுகால வழி."

அன்று சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பொரியல் அடிப்பிடித்தது. ஆனால் சாயங்காலம் கத்தி காலண்டர் தாளைச் சத்தமில்லாமல் அறுத்தது.

"பாத்தியா. ஒன் கைப்பழக்கத்துலதான் கோளாறு. நாளையிலேருந்து நான் இங்கனயே இருக்கேன்."

சுப்புலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள்.

மறுநாள் அவர் நாற்காலியோடு வந்தபோது காய் இன்னும் கழுவக்கூட இல்லை. கத்தி மர உறைக்குள் இருந்தது. உருவி, தக்காளியில் வைத்தார். வழுக்கியது.

"உறைக்குள்ள சும்மா கெடந்த கத்தி எப்படி மழுங்கும்?"

"என்னைக் கேட்டா? நீங்கதான பிளேடு பாத்தவுக" என்றாள் சுப்புலட்சுமி.

அவர் மாடியேறினார். கல்லைத் தொடவில்லை. கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை போய்விட்டதோ என்று முதல்முறையாகத் தோன்றியது. அடுத்தவர்கள் கத்தி நிற்பது ஏதோ அதிர்ஷ்டமாக இருக்கலாம். மகன் கம்பெனியை வாங்கிக்கொண்டது சரியான நேரத்தில்தான் போலிருக்கிறது. மத்தியானம் இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டார். பிறகு, கம்பெனி பிளேடுகளுக்கெல்லாம் முப்பது வருஷமாகச் சாணை பிடிக்கும் சங்கையாவுக்குப் போன் போட்டார்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போ. மறைக்காம சொல்லணும். என் மனசு நோகும்னு பாக்காத."

சங்கையா நாலு மணிக்கு வந்தார். கனகசபாபதி அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்துக் கொடுத்தார். சங்கையா ஜன்னல் பக்கம் போய்க் கத்தியின் வாயை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு மறுபடி பார்த்தார்.

"சொல்லு, சங்கையா. என் கை போயிருச்சா?"

"ஒங்க கைக்கு என்ன அண்ணாச்சி? ரெண்டு பக்கமும் கோடு ஒரே சீரா ஓடுது. நான் தீட்டுனாலும் இம்புட்டு சுத்தமா வராது."

கனகசபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணோரம் நனைந்ததைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "அப்ப ஏன் மழுங்குது?"

"இது வெட்டி மழுங்குன வாயி இல்ல. யாரோ கல்லுல செங்குத்தா வச்சுத் தேய்ச்சிருக்காக. அதையும் ஒழுங்கா செய்யல. அரைகுறை வேலை. நடுவுல ரெண்டு அங்குலம் கூரு அப்படியே இருக்கு."

அப்போது டீயோடு படியேறி வந்த மூக்கம்மாளின் முகம் வாடிவிட்டது. தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, சேலை நுனியில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

"கோவிச்சுக்காதீக மொதலாளி, இன்னைக்குத் தோள்பட்டை வலி, அதான் அம்மியில சரியாத் தேய்க்கல. கத்தி கூரா இருந்தா நீங்க மாடிய விட்டு எறங்கி அடுப்படிக்கு வந்துருவீகன்னு அம்மா மொத நாளே சொல்லித்தான் இருந்தாக."