சாஃப்ட்வேருக்கு வந்த சோதனை

மச்சினன் கல்யாணத்தில் ஒலிபரப்ப ஒரு வாழ்த்துப் பாட்டு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, வரிக்கு வரி மனைவியோடு சேர்ந்து பாடியும் முடித்துவிட்டார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். படுக்கையறைதான் ஸ்டூடியோ. கணினியில் ஓசியில் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரில் பட்டனை அமுக்கி, ஆளுக்கொரு மைக்கில் இரண்டு குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்தது மனைவி. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. போட்டுக் கேட்டபோதுதான் சிக்கல். மூடிய டிரம்முக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி இருந்தது.

பாட்டில் குறையிருக்க வழியில்லை. பாடியதில் இருக்கவே வழியில்லை. ஆக, குற்றவாளி அந்த ஓசி சாஃப்ட்வேர்தான் என்று தீர்ப்பெழுதினார்.

"மிக்ஸிங் சரியா அமையல, நம்ம ரெண்டு குரலும் ஒண்ணாக் கலக்கல. விலை கொடுத்து நல்ல சாஃப்ட்வேரா வாங்கிடணும்."

"மிக்ஸிங்தானே? சமையலறைக்கு வாங்க. மிக்ஸி சும்மாத்தான் நிக்குது."

"விளையாடாத. அதுக்கு மேல, கடைசியா மெருகேத்த மாஸ்டரிங்னு ஒண்ணு பாக்கியிருக்கு."

"இந்த வீட்டுல மாஸ்டர் யாருன்னு இனிமேதான் முடிவு பண்ணணுமா?"

வாயால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் மூளையைக் களத்தில் இறக்கினார். விலையுள்ள சாஃப்ட்வேரைச் சும்மா போட்டுப் பார்க்க ஒரு வசதி இருந்தது. அதைக் கணினியில் ஏற்றி, அதே பாட்டை இரண்டிலும் கலந்து, மனைவியை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். முதலில் போட்ட ஓசியில் மட்டும் சத்தத்தை நைசாக இறக்கி வைத்திருந்தார்.

"எது நல்லாயிருக்கு, சொல்லு."

"ரெண்டாவதுதான்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஆனா எனக்கென்னங்க தெரியும்? உங்க காதுதானே தேர்ந்த காது. கடையில லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா, அது தெளிவான்னு கேப்பீங்களே, அந்த மாதிரி இப்ப நான் போடறேன். சுவரைப் பாத்து உக்காந்துக்கிட்டு எது எதுன்னு சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே வாங்கிடலாம்."

தட்டில் வைத்துத் தருகிறாள், விடுவாரா? நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் தடவை ஓடியது. நாலு வரிகூடத் தாண்டவில்லை.

"ஓசி. கொழகொழன்னு இருக்கு. எடு, எடு."

பின்னால் மவுஸ் டிக்கென்றது. மறுபடி பாட்டு. அவர் தலை தானாக ஆடியது.

"இதுதான்டி விலையுள்ளது. கேளு, நம்ம ரெண்டு பேர் குரலும் எப்படி ஒண்ணாயிடுச்சு. என் குரல் உன் குரலுக்குள்ள அப்படியே கரைஞ்சு போயிடுச்சு பாரு."

"ரெண்டுமே ஓசிதாங்க."

சடாரெனத் திரும்பினார். திரையில் அந்தப் பழைய ஓசிதான் உட்கார்ந்திருந்தது.

"அப்புறம் எப்படி இவ்வளவு தெளிவாச்சு?"

"உங்க குரலைக் கொஞ்சம் குறைச்சேன்."

"கொஞ்சம்னா?"

"கேக்காத அளவுக்கு."