சம்பந்தி வீட்டாருக்குக் குழியாடி பற்றிய விளக்கம்

போடிநாயக்கனூர்,
16-8-1956

மதிப்பிற்குரிய வீரையா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற வாத்தியார் மொக்கச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் மகள் அய்யம்மாளும் சுகம். சின்னமனூரில் தாங்களும் தங்கள் சம்சாரம் தங்கச்சி மூக்கம்மாளும் சுகமாக இருக்கப் பரமசிவன் அருள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்ற நாள் குறிக்க வந்த தாங்கள், சொன்ன நேரத்துக்கு ஒரு பஸ் முன்னதாகவே வந்து, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டீர்கள். காரணம் நேற்றுத்தான் தெரிந்தது. கதவிடுக்கில் பார்த்த தங்கச்சி, பஸ்சில் எங்கள் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாளிடம் சொன்னாராம்: "பொண்ணுக்குச் செவ்வா தோசம் இருக்கு மதினி. வாத்தியாரு மறைச்சுட்டாரு. இருட்டுக்குள்ள வெளக்கு வச்சு, கத்தியக் காட்டிக் கழிப்புக் கழிக்கிறாரு. செவ்வா கிட்ட வர்றதுக்குள்ள முடிச்சிரணும்னு சொன்னத என் காதால கேட்டேன்."

சொன்னது உண்மை. ஆனால் அது ஜாதகத்துச் செவ்வாய் அல்ல, வானத்துச் செவ்வாய். அடுத்த மாதம் பூமிக்கு வெகு அருகில் வருகிறது. அதைப் பார்க்கத் தொலைநோக்கி செய்ய வேண்டி, தடித்த கண்ணாடி வட்டம் ஒன்றை ஏழு மாதமாக நான் குழிவாகத் தேய்த்து வருகிறேன். குழிவு சரியா என்று அளக்க எந்த அளவுகோலும் உதவாது. தகர டப்பாவில் ஊசித்துளை போட்டு, உள்ளே விளக்கை வைத்து, இருட்டறையில் கண்ணாடிக்குப் பத்தடி எதிரே நிறுத்தி, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பிளேடின் விளிம்பால் மெல்ல வெட்ட வேண்டும். கத்தி என்பது அந்தச் சவரப் பிளேடுதான். அப்போது கண்ணாடியில் உள்ள மேடுபள்ளம், சாயங்கால வெயிலில் போடிமெட்டு மலை மடிப்பு மடிப்பாகத் தெரிவதுபோல் நிழலாகத் தெரியும். உளுந்து வடை மாதிரி நடுவே குழி விழுந்த நிழல் தெரிந்தால் பாஸ். விரலை ஒரு நிமிஷம் வைத்தாலே அந்தச் சூட்டில் மேடு கிளம்பிவிடும், அவ்வளவு ரோஷம் அதற்கு. ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முதலாக வடை தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில், விருந்தாளிகள் வாசலில் நிற்பது தெரியாமல் போயிற்று. வடை என்று கத்தியவன் வடை தரவில்லையே என்று தாங்கள் நினைத்திருந்தால் அதுவும் நியாயமே.

அய்யம்மாள் ஜாதகத்தில் எந்தத் தோஷமும் இல்லை. அவள் அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்ப்பதுமில்லை. அடுப்படி, தையல், இவற்றைத் தவிர வேறு சோலி அறியாத பிள்ளை. கிழவன் ஒருவனின் கிறுக்குக்காக அவள் கல்யாணம் நிற்கக் கூடாது.

தங்கள் குடும்பம் தழைக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
மொக்கச்சாமி

பி.கு.: உறையை ஒட்டக் கொடுத்தபோது அய்யம்மாள் இதைப் படித்துவிட்டாள். "ஏய்யா, இப்படிப் பொய்யெழுதிக் கட்டிக் குடுத்துட்டா, அங்க போயி நான் கண்ணாடிய எங்க ஒளிச்சு வைக்க?" என்று கேட்டாள். ஆகவே, தேய்த்தது, பிளேடு பிடித்தது, வடை கண்டு கத்தியது என எங்கெல்லாம் நான் வருகிறேனோ, அங்கெல்லாம் அய்யம்மாள் என்று படித்துக்கொள்ளவும். நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவன், அவ்வளவுதான்; கத்தி பிடித்த கை யாருடையது என்று அந்த இருட்டில் தங்கச்சிக்குத் தெரிந்திருக்காது. அப்படிப் படித்த பிறகு பெண் வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடவும். வேண்டும் என்றால், தங்கள் வீட்டில் பத்தடி நீளத்தில் ஜன்னல் இல்லாத அறை இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறாள்.